மயிலை நிமிர்ந்து நின்ற நாள்

ஆடுமாடுகள் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், வெள்ளாடும் செம்மறியைப் போலத் தலை குனிந்துதான் மேயும். தரையில் என்ன கிடைக்கிறதோ அதுதான் அதற்குத் தீனி.

அப்போது சடையம்மாள் என்பவள் கரிசல்காட்டு ஓரத்தில் சின்னதாக ஒரு பட்டி போட்டிருந்தாள். ஒன்பது வெள்ளாடுகள், ஆறு செம்மறிகள். அவற்றில் மயிலை என்ற சாம்பல் நிற ஆட்டின் மேல்தான் அவளுக்கு உயிர். குட்டிகள் பால்குடி மறந்த பிறகும் மடி வற்றாத ஆடு அது. கறக்க உட்கார்ந்தால் காலை அசைக்காமல் நிற்கும்.

ஒரு வருடம் மழை பொய்த்தது. புல் கருகியது. சடையம்மாளுக்குப் பெண் குழந்தை பிறந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது. காய்ச்சலில் விழுந்து எழுந்ததும் அவளுக்குப் பால் நின்றுவிட்டது. மயிலையின் பாலைச் சங்கில் ஊற்றித்தான் பிள்ளையை வளர்த்தாள். ஒரு நாள் காலையில் கறந்தபோது கலயத்தின் அடிகூட நனையவில்லை.

"மயில, நீயும் வத்திட்டா எம்புள்ள பொழைக்காதே" என்று அழுதாள் சடையம்மாள்.

"அழாத ஆத்தா. சாயங்காலம் வந்து கற" என்றது மயிலை.

காட்டில் பச்சையாக இருந்தது ஒரு குடைவேல மரம் மட்டுமே. அதன் இலையெல்லாம் உயரத்தில் இருந்தது. மயிலை அண்ணாந்து பார்த்தது.

"மேல என்ன பார்வ? நமக்கு விதிச்சது தரைதான்" என்றது கிழட்டுச் செம்மறி.

"பிள்ளைக்குப் பசிக்குதே அக்கா" என்று சொல்லிவிட்டு மயிலை முன்னங்கால்களைத் தூக்கியது. சரிந்து விழுந்தது. மறுபடி எழுந்தது, மறுபடி விழுந்தது. முட்டி தேய்ந்தது, உதட்டில் முள் குத்தியது. சுள்ளி பொறுக்க வந்த சடையம்மாள் பதறி ஓடி, அதன் முன்னங்கால்களுக்குத் தன் தோளைக் கொடுத்தாள்.

"விடு ஆத்தா. நீ இல்லாத நாளும் நான் நிக்கணும்" என்றது மயிலை.

அவள் மனசில்லாமல் விலகினாள். மயிலையின் பின்னங்கால்கள் நடுங்கின. ஆனால் அது விழவில்லை. கழுத்தை நீட்டி ஒரு கொத்தை எட்டிப் பிடித்தது. பிறகு இன்னொரு கொத்து.

சாயங்காலம் கலயத்தில் நுரை தளும்பியது. பிள்ளை சங்கை விடாமல் குடித்துவிட்டு, வாயோரம் பால் வழியத் தூங்கிப்போனது. சடையம்மாள் மயிலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் மயிலை மற்ற வெள்ளாடுகளையும் மரத்தடிக்குக் கூட்டிப்போய் நிற்கப் பழக்கியது. செம்மறிகள் மட்டும் "எங்களுக்குப் பயமா இருக்கு" என்று ஒதுங்கின. மயிலை அவற்றைக் குறை சொல்லவில்லை. கிளையை இழுத்துக் கீழே உதிர்த்துக் கொடுத்தது. அதைத் தின்றே அவையும் மழை வரும்வரை பிழைத்துக் கிடந்தன.

வெள்ளாடு மரத்தைக் கண்டதும் முன்னங்கால் தூக்கி நிமிர்ந்து நிற்பதும், அது உதிர்த்த இலையைச் செம்மறி கீழே நின்று தின்பதும் அன்று முதல்தான்.