பனிக்கிடங்கின் பதில்

வடகோடிக் கடற்கரையில், கோடை முழுவதும் மறையாதிருந்த சூரியன் மறுபடியும் மறையப் பழகிக்கொண்டிருந்த பருவம் அது. காலை வேளை. ஊராரின் படகுகள் முந்தைய நாள் பெரிய திமிங்கிலம் ஒன்றைக் கரைசேர்த்திருந்தன. இறைச்சித் துண்டங்கள் மணல்மேட்டில் குவிந்து கிடந்தன. அவை இறங்கவேண்டிய பனிக்கிடங்கோ, கரையின் விளிம்பருகே மண்ணுக்கடியில் கலங்கிப்போய் இருந்தது.

அந்த ஊரில் மேலே சிறிதளவே மண். அதற்குக் கீழே, எந்தக் கோடையும் தொட்டிராத உறைநிலம். அதைக் குடைந்தே முன்னோர் கிடங்கை அமைத்திருந்தனர். ஊர் முழுவதற்குமான குளிர்கால உணவு அதற்குள் கெடாமல் கிடக்கும். பல தலைமுறைகளாக அவ்வூர் பசி அறிந்ததில்லை. அதற்குக் காரணம் தானே என்பதைக் கிடங்கு ஒருநாளும் மறந்ததில்லை.

அண்மைக் கோடைகளில் அதன் சுவர்கள் கசியத் தொடங்கியிருந்தன.

"என் கால் தண்ணீரில் நிற்கிறது" என்றது கிடங்குக்குள் சார்த்தியிருந்த ஏணி.

"மெதுவாகப் பேசு" என்றது கிடங்கு.

"ஏன்? தண்ணீருக்கா கேட்டுவிடும்? அவர்களிடம் சொல்லிவிடேன். இறைச்சியை உலர்த்திக்கொள்வார்கள், ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்து வைத்துக்கொள்வார்கள்."

"வடக்கு வீட்டுக் கிடங்கு சொன்னதே, நினைவிருக்கிறதா? ஈரத்தைக் காட்டியது. மறுநாளே கதவைக் கழற்றினார்கள். இப்போது அதற்குள் மீன்செதிலையும் கழுநீரையும் கொட்டுகிறார்கள்."

மேலே காலடிச் சத்தம் கேட்டது.

கிடங்குக்குரிய வீட்டின் தலைவி நௌயாக் வந்துகொண்டிருந்தாள். பின்னாலேயே அவள் கணவனின் தம்பி குனுக்.

"அண்ணி, சுவரிடம் குறி கேட்கப் போகிறீர்களாக்கும்?"

"உன்னிடம் கேட்டால் பொழுது சாயும்வரை பேசுவாய். அது ஒரே சொல்லில் சொல்லிவிடும்."

"விளையாட்டில்லை அண்ணி. போன வாரம் இறங்கினேன். காலணி நனைந்துவிட்டது."

"உன் காலணி எப்போது நனையாமல் இருந்தது? ஓட்டைப் படகில் போகிறவன் தானே நீ?"

குனுக் சிரித்தான்; ஆனால் நகரவில்லை. "பாதியையாவது உலர்த்துவோம். எல்லாவற்றையும் ஒரே குழியில் நம்பி வைக்கவேண்டாம்."

"தாங்காது என்று அது சொன்னால் ஒரு துண்டுகூட இறக்கமாட்டேன். போதுமா?" என்றாள் அவள்.

அவ்வூரில் ஒரு வழக்கம் உண்டு. இறைச்சியை இறக்குமுன் வீட்டுத்தலைவி தனியே உள்ளே சென்று, வெறுங்கையைச் சுவரில் பதித்து, "தாங்குவாயா?" என்று கேட்பாள். உள்ளங்கை ஒட்டிக்கொண்டால் தாங்கும். ஈரம் பட்டால் தாங்காது. கிடங்கு பேசியதை மனிதர் கேட்டதில்லை. இந்த ஒரு பதிலை மட்டுமே புரிந்துகொண்டார்கள். அது பொய்யாக இருக்கக்கூடும் என்று எவரும் எண்ணியதில்லை.

நௌயாக் மூடியைத் தூக்கினாள். கிடங்கு அவசரமாக உறைநிலத்தை அழைத்தது.

"உன்னிடம் மிச்சமுள்ள குளிரில் கொஞ்சம் கொடு. ஒரு கை படும் நேரத்துக்குப் போதும்."

உறைநிலம் நிதானமாகவே பேசும். "கோடைகள் நீண்டுகொண்டே போகின்றன. மழையும் வெதுவெதுப்பாக இறங்குகிறது. என்னிடம் இருப்பது கரையின் அடியைப் பிடித்து நிற்கும் குளிர் மட்டும்தான். அதை எடுத்தால் கடற்பக்கம் தளர்ந்துவிடும்."

"கடற்பனி வந்து கரையை மூடிக்கொள்ளும். ஆண்டுதோறும் வருகிறதே!"

"போன ஆண்டு புயலுக்குப் பிறகுதான் வந்தது."

"இந்த ஆண்டு முன்னதாக வரும்."

"யார் சொன்னார்கள்?"

நௌயாக்கின் கால் ஏணியின் முதற்படியைத் தொட்டது. "என்னைக் கழுநீர்க்குழியாக்கிவிடுவார்கள்" என்றது கிடங்கு.

உறைநிலம் பெருமூச்செறிந்தது. "நீ என் உடலில் குடைந்த வயிறு. வயிறு கேட்கும்போது உடல் என்ன செய்யும்?" என்று சொல்லிக் கரையின் அடியிலிருந்து குளிரை உருவிக் கொடுத்தது.

சுவர் வெளுத்தது. தரையிலிருந்த நீர் இறுகியது. "அடப்பாவி, என் காலையும் சேர்த்துக் கட்டிவிட்டாயே!" என்று முனகியது ஏணி.

நௌயாக் கையுறையைக் கழற்றி உள்ளங்கையைப் பதித்தாள். "தாங்குவாயா?"

கை ஒட்டிக்கொண்டது. பிரித்தெடுத்தபோது அவளுக்கு வலித்தது. அந்த வலியில் முகம் மலர்ந்தது.

"குனுக்! வந்து உன் கையை வைத்துப் பார்!"

அவனும் வைத்துப் பார்த்தான். "என் காலணிதான் பொய் சொல்லியிருக்கிறது அண்ணி" என்று ஒப்புக்கொண்டான். மாலைக்குள் ஊராரின் இறைச்சி முழுவதும் உள்ளே இறங்கிவிட்டது. கிடங்குக்கு அன்று இருந்த நிறைவு வேறெந்த ஆண்டிலும் இருந்ததில்லை.

இலையுதிர்காலப் புயல் வழக்கம்போல வந்தது. கடற்பனி வரவில்லை. ஒரு பகற்பொழுதில் அலை கரையின் அடியைத் தட்டிப் பார்த்தது. அடிமண் சேறாய் நெகிழ்ந்துகொடுத்தது.

"யாரும் காவலில்லையா?" என்று கேட்டது அலை.

"கொஞ்சம் பொறு" என்று கெஞ்சியது கிடங்கு. "உள்ளே இருப்பது ஊரின் உணவு."

"எனக்குப் பொறுக்கத் தெரியாது. என்னை நிறுத்திவைப்பது பனியின் வேலை. பனி இல்லாவிட்டால் கரையின் வேலை. கரை எங்கே?"

மேலே நௌயாக்கின் காலடி கேட்டது. புயலுக்காகக் கிடங்கின் மூடியைக் கயிற்றால் கட்டவந்திருந்தாள். இப்போது சொல்லிவிட்டால்கூட ஆட்கள் ஓடிவந்து பாதியையாவது தூக்கிவிடுவார்கள். சொல்லத்தான் கிடங்கும் துடித்தது. ஆனால் அவளுக்குப் புரிவது, சுவரில் கை பதித்துக் கேட்கும்போது கிடைக்கும் அந்த ஒரு பதில்தான். அதைக் கிடங்கு ஏற்கெனவே ஒரு பொய்க்குச் செலவழித்திருந்தது.

அவள் முடிச்சை இறுக்கிவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குத் திரும்பினாள். விளக்கேற்றும் வேளையில் கரை பிளந்தது. கிடங்கும் ஏணியும் இறைச்சியும் கடலுக்குள் சரிந்தன.

இருள் மாதங்களின் தொடக்கத்தில் நௌயாக்கின் வீடு தன் நாய்களில் பாதியைப் பசிக்குக் கொடுத்தது. நடுக்குளிர்காலத்தில் உள்நாட்டுக்கு உணவு தேடிப்போன குனுக், வலக்காலின் இரு விரல்களைப் பனிக்குக் கொடுத்தான். கீழை வீட்டு முதியவர் தம் பங்கைப் பேரப்பிள்ளைகளுக்கே கொடுத்துவந்து, சூரியன் திரும்பும் முன் தம்மையும் கொடுத்தார். கிடங்கு மட்டும் தன் நற்பெயரை இழக்கவில்லை. அவ்வூரில் இன்றும் அதைப்பற்றி யாரும் ஒரு குறை சொல்வதில்லை, கடலைத்தான் திட்டுகிறார்கள்.