மிதமான கசிவு

“மூன்று ஆஸ்பத்திரிக்காரர்களையும் ஒரே சொல்லுக்குக் கொண்டுவந்துவிட்டேன் மேடம். அப்புறமும் ஏன் அந்தச் சொல்லுக்கு ஒப்புதல் கையெழுத்துப் போடமாட்டேன் என்கிறீர்கள்?”

கேட்டவர் டாக்டர் அருளப்பன். அந்த மேடம் டாக்டர் நஸ்ரீனைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் இதய ஸ்கேனைப் படிக்க அவரிடம்தான் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

வால்வில் ரத்தம் கசிந்தால் ஓர் ஊரில் ‘லேசானது’ என்று எழுதினார்கள். அடுத்த ஊரில் ‘கொஞ்சம் கூடுதல்’. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி மாறிய தாய்மார்களுக்குத் தலை சுற்றியது.

மூன்று ஊர் டாக்டர்களையும் இழுத்து உட்காரவைத்து, மல்லுக்கட்டி, கடைசியில் அருளப்பன் பலகையில் எழுதினார்:

மிதமான கசிவு.

நஸ்ரீன் ஒரு சிறுமியின் ஸ்கேனைத் திரையில் ஓடவிட்டார். வால்வு மூடும்போதெல்லாம் நீலமாய் ஒரு கீற்று பின்னோக்கிப் பாய்ந்தது. அந்தச் சிறுமியின் தாய் ரெஜினா வெளியே பெஞ்சில் காத்திருந்தாள்.

“இது என்ன?”

“மிதமான கசிவு,” என்றார்கள் மூன்று பேரும் ஒரே குரலில்.

அருளப்பனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

நஸ்ரீன் எழுந்துபோய் நோயாளிகளின் ஸ்டூலில் உட்கார்ந்தார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

“நான்தான் ரெஜினான்னு வச்சுக்குங்க. ஸ்கூல் ஸ்போர்ட்ஸ்ல ஓடியே தீருவேன்னு என் மக ஒத்தக் கால்ல நிக்கிறா. என்ன செய்யட்டும் டாக்டர்?”

“தாராளமா ஓடட்டும்மா,” என்றார் முதல் டாக்டர். “அடுத்த வருஷம் வந்து காட்டுங்க.”

“ஓடறதா?” இரண்டாமவர் பதறினார். “மாடிப்படி ஏறவே யோசிக்கணும்!”

மூன்றாமவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “நான் ஆபரேஷனுக்கு நாள் பார்க்கலாம்னு இருந்தேன்.”

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“மிதமானதுன்னுதானே மூணு பேரும் சொன்னீங்க?” என்றார் நஸ்ரீன், முந்தானையை விடாமல்.

அருளப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. படம் ஒன்று. சொல்லும் ஒன்று. பின்னே எங்கே இடித்தது?

“அப்படின்னா சொல்லுதான் சரியில்லை மேடம். ‘இடைநிலை’ன்னு வைப்போமா? இல்லே, ‘நடுத்தரம்’?”

“பேசாம ‘மீடியம் ஸ்ட்ராங்’னு வைங்க சார், காபி மாதிரி,” என்றார் மூன்றாமவர்.

“நிஜ ரெஜினாவையே உள்ளே கூப்பிடட்டுமா?” என்று கேட்டார் நஸ்ரீன்.

“ஐயோ, இப்ப வேணாம் மேடம்!”

ஆனால் கதவு திறந்துகொண்டது. ரெஜினா ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு நின்றாள்.

“மன்னிக்கணும் டாக்டர். எங்க ஊர்ல ஒண்ணு சொன்னாங்க. டவுன்ல வேற சொன்னாங்க. ராத்திரியெல்லாம் அவ நெஞ்சுல கைவச்சுக்கிட்டே கிடக்கேன். இங்கயாவது சொல்லுங்க. பாப்பா ஓடலாமா?”

‘மிதமான’ என்று எடுத்த அருளப்பனின் நாக்கு அப்படியே நின்றுவிட்டது. நஸ்ரீனைப் பார்த்தார்.

நஸ்ரீன் ஸ்டூலைவிட்டு எழுந்து, அதை ரெஜினா பக்கம் தள்ளினார். அவ்வளவுதான்.

அருளப்பன் பலகையில் இருந்ததை உள்ளங்கையாலேயே அழித்தார். அந்த இடத்தில் எழுதினார்:

ஓடலாமா?

மார்க்கரை முதல் டாக்டரிடம் நீட்டினார்.

“ஓடட்டும்னு சொன்னீங்களே, ஸ்கேன்ல எதைப் பார்த்துச் சொன்னீங்க?”