கால் வலியைச் சொன்ன முள்ளம்பன்றி

ஒரு காட்டில் மண் தோண்டத் தெரிந்தவர் ஒருவர்கூட மிச்சமில்லை. பெருவெள்ளம் வந்து அவர்களை அடித்துக்கொண்டு, வளைகளையெல்லாம் மூடிவிட்டுப் போயிருந்தது. முயல்கள் புதரடியில் நடுங்கின. கீரிகள் பாறை இடுக்கில் முடங்கிக் கிடந்தன. "தோண்டத் தெரிந்தவர்கள் வாருங்கள். கிழங்குக்கும் நிழலுக்கும் குறைவில்லை" என்று அந்தக் காட்டார் மலைக்கு அப்பாலும் சொல்லி அனுப்பினார்கள்.

மலைக்கு அப்பால் வறண்ட சரிவில் வேலாயி என்ற முள்ளம்பன்றி வாழ்ந்து வந்தாள். அவள் தோண்டிய வளையில் ஒரு சொட்டு மழைநீர் இறங்காது. எதையும் கேட்டுத் தெளியாமல் இடத்தை விட்டு நகரமாட்டாள். செய்தி எட்டியதும், இரண்டு குட்டிகளையும் கூட்டிக்கொண்டு மலை ஏறி இறங்கி வந்து சேர்ந்தாள்.

கூடவே சுருளி என்ற அழுங்கும் வந்தான். உடம்பெல்லாம் செதில் மூடிய சுருளி தோண்டுவதில் அவளுக்குச் சளைத்தவனல்ல. ஆனால் யாராவது ஏதாவது கேட்டுவிட்டால் போதும், சுருண்டு பந்தாகிவிடுவான்.

இருவருக்கும் ஆளுக்கொரு குறை உண்டு. வேலாயியின் வலது பின்னங்கால் ஒருமுறை கண்ணியில் மாட்டியது. மழை பெய்தால் அந்தக் கால் குடைந்தெடுக்கும். சுருளிக்கு ஈரக்காற்று பட்டால் இருமல் வந்துவிடும். விலா எலும்பு நோகும் இருமல்.

வந்த சில நாட்களிலேயே முயல்களுக்கு வீடு கிடைத்தது. கீரிகளுக்கும் கிடைத்தது. மந்தி வைத்தியர் தம் மருந்து வேர்களை வைக்க ஓர் அறை கேட்டார். வேலாயி அதையும் தோண்டிக் கொடுத்தாள். "இப்படி ஒரு கைத்திறனை நாங்கள் கண்டதில்லை" என்றார் வைத்தியர். வேலாயியின் முட்கள் பெருமையில் சிலிர்த்து நின்றன.

ஒருநாள் காட்டுக் காவலனான காட்டெருமை வந்தது.

"இந்தக் காட்டில் பிறந்தவர்களுக்கு நோய் வந்தால் காடு பார்த்துக்கொள்ளும். வெளியிலிருந்து வந்தவர்களை ஏதாவது ஒரு காப்புக் கூட்டம்தான் பார்க்க வேண்டும். மழை தொடங்குமுன் ஒரு கூட்டத்தில் சேர்ந்துவிடுங்கள். சேராதவர்கள் இங்கே தங்க முடியாது" என்றது.

"காப்புக் கூட்டம் என்றால் என்ன?" என்று வேலாயி கேட்டாள்.

"பௌர்ணமிதோறும் நீ கிழங்கு கொடுப்பாய். நீ படுத்துவிட்டால் அவர்கள் வைத்தியருக்குச் சொல்லி, மருந்தும் சோறும் கொடுத்து எழுப்பிவிடுவார்கள்."

மறுநாளே புனுகுப்பூனை வந்துவிட்டது. அது வருமுன் அதன் வாசனை வந்தது.

"அம்மணி, எங்கள் கூட்டத்துக்கு ஒரே ஒரு கிழங்கு போதும். எந்த நோய்க்கும் வைத்தியம் உண்டு!"

"எதற்கு இல்லை?" என்றாள் வேலாயி.

"இல்லை என்ற சொல்லே எங்கள் வாயில் வராது."

"குட்டிகளுக்கும் சேர்த்துத்தானா?"

"குட்டிகள் என்றால் எங்களுக்கு உயிர்!"

"பார்ப்பீர்களா என்றுதானே கேட்டேன்? சரி, எனக்கு ஒரு காலில் பழைய வலி உண்டு. அதற்கு?"

"அட, அதையெல்லாம் யார் கேட்டார்கள்? முதலில் சேருங்கள், பிறகு பேசிக்கொள்ளலாம்."

"உங்களிடம் சேர்ந்து, நோயில் விழுந்து எழுந்த ஒருவரைக் காட்டுங்கள். பார்த்துவிட்டு வருகிறேன்."

புனுகுப்பூனை வாலை ஆட்டிச் சிரித்தது. "எங்கள் கூட்டத்தில் யாருக்கும் நோயே வருவதில்லை, அம்மணி!"

வேலாயி அங்கிருந்து கரடியாரின் குகைக்குப் போனாள். அவரும் ஒரு கூட்டம் நடத்திவந்தார். முகம் எப்போதும் கடுகடுவென்று இருக்கும்.

"ஐந்து கிழங்கு. குறைக்கமாட்டேன்" என்றார் அவர், எடுத்த எடுப்பிலேயே.

"எதற்கெல்லாம் பார்க்கமாட்டீர்கள்?"

கரடியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சண்டை போட்டுக் கடிபட்டு வந்தால் பார்க்கமாட்டேன். பல்லுக்கும் நகத்துக்கும் பார்க்கமாட்டேன். உன் சொந்த ஊருக்குப் போன இடத்தில் நோய் வந்தால் பார்க்கமாட்டேன். குட்டிகள் தாயோடு சேர்த்தி. தனியாகக் கிழங்கு வேண்டாம். வேறு என்ன?"

அதற்குள் பின்னாலேயே வந்திருந்த சுருளி அவள் காதில் முணுமுணுத்தான். "தங்கச்சி, காலைப் பற்றி வாயே திறக்காதே. சொன்னால் சேர்த்துக்கொள்ள மாட்டார். நேராக நடந்து காட்டிவிடு."

வேலாயி அவனைத் திரும்பிப் பார்த்தாள். "அண்ணே, இந்தக் காலோடுதான் மலை ஏறினேன். இந்தக் காலால்தான் இந்தக் காட்டுக்கே வீடு தோண்டினேன். இதை ஏன் ஒளிக்க வேண்டும்?"

பிறகு கரடியார் முன்னால் காலை நீட்டினாள். "கண்ணியில் மாட்டிய கால். மழையில் வலிக்கும். இதற்கு என்ன சொல்கிறீர்கள்?"

கரடியார் குனிந்து காலைத் தொட்டுப் பார்த்தார். "வருகிற மழைக்காலம் முடியும்வரை இந்தக் கால் உன் பாடு. அடுத்த மழைக்காலத்திலிருந்து என் பாடு. மற்ற எல்லாவற்றுக்கும் இன்றே நான் பொறுப்பு. சம்மதமா?"

"உங்களிடம் சேர்ந்து, நோயில் விழுந்து எழுந்தவர் யாராவது உண்டா?"

"குளக்கரை நாரை. அவளும் உன்னைப்போல வெளியிலிருந்து வந்தவள்தான். போய்க் கேள்."

நாரை சிறகை விரித்துக் காட்டியது. "போன கோடையில் முறிந்தது. கரடியார் பேச்சில் தேன் இருக்காது. ஆனால் நான் விழுந்த இடத்துக்கே வைத்தியரைக் கூட்டி வந்தார்."

வேலாயி ஐந்து கிழங்கைக் கொண்டுபோய்க் குகை வாசலில் வைத்தாள்.

"ஐந்தைக் கொடுத்து, 'பார்க்கமாட்டேன்' என்ற பேச்சையும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாயே!" என்று சுருளி சிரித்தான். அவன் புனுகுப்பூனையிடம் ஒரே கிழங்கில் சேர்ந்தான். இருமலைப் பற்றி மூச்சு விடவில்லை.

மழை வந்தது. வேலாயியின் கால் குடைந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போய்வந்தாள். கரடியாரிடம் ஒரு சொல் கேட்கவில்லை. பேச்சென்றால் பேச்சுதானே!

அப்படியொரு நாளில் அவளுடைய சின்னக் குட்டி, மழையில் முளைத்திருந்த சிவப்புக் காளானைத் தின்றுவிட்டது. அவர்கள் ஊரில் அப்படிக் காளானே கிடையாது, அது நஞ்சு என்று குட்டிக்கு எப்படித் தெரியும்? வாயில் நுரை தள்ளியது. கண் செருகியது. வேலாயி பெரிய குட்டியை நாரையிடம் விட்டுவிட்டு, சின்னதைக் கவ்விக்கொண்டு, நொண்டிக்கொண்டே குகைக்கு ஓடினாள்.

கரடியார் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. குட்டியை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, கொட்டும் மழையில் மந்தி வைத்தியரின் தோப்புக்குப் பாய்ந்தார். வைத்தியர் பச்சிலையைப் பிழிந்து ஊற்றினார். குட்டி வாந்தி எடுத்தது. அந்தி சாய்வதற்குள் கண்ணைத் திறந்து, "அம்மா, பசிக்கிறது" என்றது.

வேலாயிக்குக் கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"நன்றி எதற்கு? ஒப்புக்கொண்டதைத்தானே செய்தேன்" என்று கரடியார் உறுமிவிட்டுப் போனார்.

அந்த மழையிலேயே சுருளிக்கும் இருமல் கண்டது. மூச்சு வாங்க வாங்கப் புனுகுப்பூனையிடம் போனான்.

"இந்த இருமல் முன்பே இருந்ததா?" என்று அது கேட்டது.

சுருளி சுருண்டு பந்தானான்.

"அப்படியென்றால் இருந்திருக்கிறது. பழைய நோய்க்கு நாங்கள் பார்ப்பதில்லை."

"இல்லை என்ற சொல்லே வாயில் வராது என்றாயே!" என்று பந்துக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நீ கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. நீயும்தான் ஒன்றும் சொல்லவில்லையே?" என்று வாலைச் சுழற்றிக்கொண்டு அது போய்விட்டது. வாசனை மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

வேலாயி செய்தி கேட்டு ஓடிவந்தாள். சுருளியை உருட்டிக்கொண்டே தோப்புக்குக் கொண்டுபோனாள்.

"இவனுக்கு யார் பொறுப்பு?" என்றார் மந்தி வைத்தியர்.

"நான்."

"நீயே வெளியிலிருந்து வந்தவள் ஆயிற்றே, அம்மா?"

வேலாயி நிமிர்ந்து நின்றாள். "ஆமாம். இந்தப் பெருமழையிலும் உங்கள் மருந்து வேர் நனையாமல் இருக்கிறதே, அந்த அறையைத் தோண்டியதும் வெளியிலிருந்து வந்தவள்தான். இன்னொன்று தோண்டித் தருகிறேன். என் அண்ணனுக்கு மூச்சு வரட்டும்."

வைத்தியர் உள்ளே போய், உலர்ந்த வேர் ஒன்றை எடுத்து வந்தார். "அறை பிறகு ஆகட்டும். முதலில் இவன் வாயைத் திறக்கச் சொல்" என்றார்.

சுருளி பிழைத்தான். மழை விட்டதும், வேலாயி சொல்லாமலேயே கரடியாரின் குகைக்குப் போனான். அன்று அங்கே முயல்கள், கீரிகள், நாரை என்று பலரும் கூடியிருந்தார்கள். வேலாயியும் இருந்தாள்.

"உனக்கு ஏதாவது பழைய நோய் உண்டா?" என்று கரடியார் கேட்டார்.

சுருளியின் முதுகு வளைந்தது. 'போச்சு, பந்தாகிவிடுவான்' என்று வேலாயி நினைத்தாள்.

ஆனால் வளைந்த முதுகு மெல்ல நிமிர்ந்தது. சுருளி பின்னங்கால்களை ஊன்றி எழுந்து நின்றான். யாரும் அதுவரை பார்த்திராத அவன் வெளிர்நிற வயிறு வெயிலில் தெரிந்தது.

"எனக்கு இருமல் உண்டு. ஈரக்காற்றில் வரும். சென்ற முறை மறைத்தேன். இனி மறைக்கமாட்டேன்" என்றான், கூட்டம் முழுக்கக் கேட்கும்படி.

"ஒரு மழைக்காலம் காத்திருக்க வேண்டும். ஐந்து கிழங்கு" என்றார் கரடியார்.

"சம்மதம்" என்றான் சுருளி.

வேலாயி குட்டிகளை அருகே இழுத்துக்கொண்டாள். "பாருங்கள், நம் ஊர் மாமா எப்படி நிற்கிறார்!" என்றாள்.

நீதி: உன் குறையை மறைக்காதே, தன் எல்லையை மறைப்பவரை நம்பாதே.