அருளாயி கட்டிய பொட்டலம்

ஒரு காட்டில் ஓர் அணில் இருந்தது. இருந்தது என்றா சொன்னேன்? பயந்துகொண்டே இருந்தது. மேகம் வந்தால் வெள்ளம் வருமோ என்று பயம். மேகம் போனால் பஞ்சம் வருமோ என்று பயம். அதன் பெயர் அருளாயி. புருஷனைப் பருந்து தூக்கிப் போன பிறகு, ஒற்றைக் குட்டியை வைத்துக்கொண்டு பாடுபட்டு வந்தது, பாவம்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு, பிள்ளைகளே. யார் என்ன தானியம் கொண்டுவந்தாலும், வாயில் போடும் முன் முதல் பிடியை ஆண்டவருக்கென்று எடுத்து வைத்துவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மரங்கொத்தி மணி அடித்ததும், சேர்ந்ததைத் தேக்கிலையில் பொட்டலமாகக் கட்டி, கோயில் ஆலமரத்துப் பொந்தில் கொண்டுபோய்ப் போட வேண்டும். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை ஓர் ஆமை. அது எந்தப் பொட்டலத்தையும் பிரித்துப் பார்க்காது. நோயாளியோ, இரை தேட முடியாதவரோ வந்து கேட்டால், கைக்கு அகப்பட்டதை எடுத்துக் கொடுக்கும்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. தினைக் கதிரில் பாதி பதர். அருளாயி ஒவ்வொரு கதிராக உதறி உதறிப் பார்த்தது.

"ஆண்டவருக்கு என்ன, பசிக்கவா போகுது? முதல்ல நாம சாப்பிடுவோம். மிஞ்சினா வைப்போம்" என்று குட்டியிடம் சொன்னது.

மிஞ்சியதா? எங்கே மிஞ்சியது! சாப்பிட்டது போக இருந்ததை நாளைக்கு என்று மண்ணில் புதைத்தது. அது போக இருந்ததை நாளை மறுநாளைக்கு என்று வேறோர் இடத்தில் புதைத்தது. காணிக்கைக்கு ஒரு மணி கூட ஒதுங்கவில்லை.

ஞாயிறு வந்தது. டொக், டொக் என்று மணி அடித்தது. வெறுங்கையோடு போனால் நாலு பேர் என்ன பேசுவார்கள்? அருளாயி அவசர அவசரமாகத் தேக்கிலையை விரித்துப் பதரை அள்ளிப் போட்டது. மேலாக நாலு தினையைத் தூவி, சிவப்பு நாரால் இறுக்கிக் கட்டியது. வழியில் பக்கத்துப் புதர்க் காடை செசிலி, புல்லால் கட்டிய தன் பொட்டலத்தோடு வந்து சேர்ந்துகொண்டது.

"என்னக்கா, முகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு?"

"ஒண்ணுமில்ல. வெயில்" என்றது அருளாயி.

மறுநாள் சூறைக்காற்று அடித்தது. அணில் கூடு பிய்ந்து விழுந்து, குட்டிக்குக் காலில் அடி. அடியோடு காய்ச்சலும் வந்தது. புதைத்ததைத் தோண்டலாம் என்றால், எங்கே புதைத்தோம் என்றே நினைவில்லை. அங்கே தோண்டினால் எறும்பு. இங்கே தோண்டினால் வெறும் மண். "அம்மா, பசிக்குது" என்று குட்டி முனகியது. அருளாயிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வேறு வழியில்லாமல் ஆலமரத்துக்கு ஓடியது. அங்கே அதற்கு முன்னால் செசிலி நின்றது. காற்றில் இறக்கை ஒடிந்து, குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு நடந்தே வந்திருந்தது.

அப்போதுதான் அருளாயிக்குப் பக்கென்றது. 'மாதாவே! என் பொட்டலம் எனக்கே வந்துவிட்டால்? குட்டிக்கு எதைக் கொடுப்பேன்?'

ஆமை பொந்துக்குள் தலையை நுழைத்து ஒரு பொட்டலத்தை எடுத்தது. சிவப்பு நார்! அதைச் செசிலியிடம் நீட்டியது.

அப்பாடா என்று மூச்சு விட்டது அருளாயி. அந்த நிம்மதி நொடி நேரம் கூட நிற்கவில்லை. செசிலி பொட்டலத்தைப் பிரித்தது. மேலே கிடந்த தினையைக் குஞ்சுகள் கொத்திவிட்டன. கீழே அத்தனையும் பதர். செசிலி யாரையும் திட்டவில்லை. ஊதி ஊதி, ஒரு மணியாவது அகப்படுமா என்று தேடியது. குஞ்சுகள் வாயைத் திறந்தபடி சுற்றி நின்றன.

"இந்தாம்மா, உனக்கு" என்று ஆமை அடுத்த பொட்டலத்தை அருளாயியிடம் கொடுத்தது. புல்லால் கட்டிய பொட்டலம். பிரித்தால், முற்றிய தினை, மணி மணியாக. அந்தப் பஞ்சத்திலும் செசிலி தன் வாயில் போடும் முன் எடுத்து வைத்த முதல் பிடிகள்.

'குட்டிக்கே பத்தாதே! ஓடிவிடு, யாருக்குத் தெரியப் போகிறது?' என்று அருளாயியைப் பயம் பிடித்து உலுக்கியது. கை கிடுகிடுவென்று நடுங்கியது. நடுங்கிய கையாலேயே முதல் பிடியை அள்ளிச் செசிலியின் இலையில் போட்டது.

"ஐயோ, என்னக்கா இது? உங்க குட்டிக்கு வேணாமா?"

"அந்தப் பதரைக் கட்டினது நான்தான், செசிலி. என்னை மன்னிச்சிடு."

செசிலி அந்தப் பிடியைக் குஞ்சுகள் பக்கம் தள்ளி வைத்தது. பிறகு, "குட்டி பசியோட கிடக்கும். ஓடுங்கக்கா" என்றது.

அருளாயியின் பயம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். போகவில்லை. அடுத்த ஞாயிறும் பொந்தருகே அதன் கை நடுங்கத்தான் செய்தது. சிவப்பு நார் கட்டிய பொட்டலம் ரொம்பச் சின்னதாக இருந்தது. அதில் ஒரு பதர் கூட இல்லை.

நீதி: காணிக்கை என்பது தின்றது போக மிஞ்சுவதல்ல, தின்னும் முன் எடுத்து வைப்பது.