வெறுமையாய்த் திரும்பாத கொட்டான்

முன்னொரு காலத்திலே, மேகங்கள் மலைமேல் இறங்கி இளைப்பாறிவிட்டுப் போன காலத்திலே, ஏழுமடை என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டுக்கு ஒரு ராஜாவும் இருந்தார். இருந்தார் என்பதோடு சரி, இந்தக் கதையில் அவருக்கு வேலை இல்லை. அவர்பாட்டுக்குப் பட்டு மெத்தையில் படுத்திருக்கட்டும். நாம் காட்டோரத்துக்குப் போவோம், வாருங்கள்.

காட்டோரத்தில் ஒரு பெரிய புங்கமரம். அதைச் சுற்றி மூங்கில் வேலி. அதற்குப் பெயர் வனச்சாலை. கண்ணியில் கால் மாட்டிய மான், இறக்கை ஒடிந்த இருவாட்சி, தாயைத் தொலைத்த யானைக்குட்டி என்று காட்டில் அடிபட்டதும் அநாதையானதும் அங்கே வந்து சேரும். காயம் ஆறியதும் காட்டுக்குத் திரும்பிப் போகும். இவற்றைப் பார்த்துக்கொண்டவர்கள் இரண்டு பெண்கள். ஒருத்தி வடிவாச்சி. கண்ணைக் கட்டிவிட்டாலும் பச்சிலையை மோந்து பார்த்தே பெயர் சொல்லிவிடுவாள். இன்னொருத்தி அவளுடைய நாத்தனார் குருவம்மாள். அவள் வாயைத் திறந்தால் லேசில் மூடமாட்டாள். நாத்தனாரும் மதினியும் ஒரே அடுப்பில் பொங்கித் தின்றுகொண்டு, சண்டையில்லாமல் இருந்தார்கள். இதைவிடப் பெரிய மாயாஜாலம் இந்தக் கதையிலேயே கிடையாது, போங்கள்!

வனச்சாலையில் ஒரு கரடியும் இருந்தது. சடையன் என்று பெயர். வேடன் வைத்த பொறியில் ஒரு பாதத்தைப் பறிகொடுத்துவிட்டு வந்த கரடி. அது பேசும். "கரடி எப்படியப்பா பேசும்?" என்று ஊர்க்காரன் ஒருவன் அதனிடமே கேட்டான். "நீ எப்படிப் பேசுறே? முதல்ல அதைச் சொல்லு" என்றது சடையன்.

அறுப்பு முடிந்தால் ஊரார் கேட்காமலே தானியம் கொண்டுவந்து கொட்டுவார்கள். ஆனால் ஒரு வருஷம் மழை பொய்த்தது. ஊரே வயிற்றில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு கிடந்தது. வனச்சாலைக்கு வருகிற தானியமும் நின்றுபோயிற்று.

இதற்காகவே ஒருவன் காத்திருந்தான். அவன் பெயர் கருங்கோடன், மந்திரவாதி. மலை உச்சியில் கோட்டை கட்டிக்கொண்டிருந்தான். தோட்டத்தில் கல் சிலைகளை நிறுத்தி அழகு பார்ப்பதில் அவனுக்கு அப்படி ஒரு கிறுக்கு. ஒருநாள் விடிகிற நேரத்தில் வேலிக்கு வெளியே வந்து நின்றான். ஒரு பிடி சாம்பலை எடுத்து ஊதினான்.

"இந்த வேலிக்குள்ளே எது பசித்துப் படுக்கிறதோ, அது கல்லாய் விடியும்! கல் எல்லாம் எனக்கு!"

முதல் நாள் மயில். பசித்துப் படுத்தது, கல்லாய் விடிந்தது. இரண்டாம் நாள் மான். பசித்துப் படுத்தது, கல்லாய் விடிந்தது. மூன்றாம் நாள் முள்ளம்பன்றி. பசித்துப் படுத்தது, கல்லாய் விடிந்தது. ஒவ்வொரு விடியலிலும் கருங்கோடன் வந்து மந்திரக்கோலால் ஒரு தட்டுத் தட்டுவான். அவ்வளவு பெரிய கல்லும் பஞ்சாய்ப் பறந்து அவன் கோட்டைக்குப் போய்விடும்.

வடிவாச்சி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஊர்ல போய்க் கேளுங்க மதினி" என்றாள் குருவம்மாள்.

"எந்த வாயை வெச்சுக் கேப்பேன்? அவங்களே அரை வயித்துக்குக் குடிக்கிறாங்க. கேக்கிறதுக்கு முந்தி ஏதாச்சும் கொடுக்கணும், குருவு. நம்மகிட்ட இருக்கிறது பச்சிலைதான். அதுல செய்வோம்."

செய்தாள். மிச்சமிருந்த விதைக் கம்பைப் பிடிபிடியாகப் போட்டு மற்ற பிராணிகளைக் காப்பாற்றிக்கொண்டே, ஆவாரம்பூவும் பூலாங்கிழங்கும் கஸ்தூரி மஞ்சளும் நிழலில் உலர்த்தி இடித்துக் குளியல் பொடி செய்தாள். வெட்டிவேரைப் பின்னி விசிறி செய்தாள். நொச்சி இலையை அடைத்துச் சின்னச் சின்னத் தலையணை தைத்தாள். தலைபாரத்துக்கு நொச்சியை மிஞ்சிய மருந்து உண்டா? எல்லாவற்றையும் வாழை இலையில் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனாள்.

ஊரார் வாங்கினார்கள், மோந்தார்கள், "நல்லா இரு தாயி" என்று மனசார வாழ்த்தினார்கள். வாழ்த்தை எந்தப் பிராணி தின்னும்? பொழுது சாயும்போது வெறுங்கையோடு திரும்பி வந்தாள். வந்தவளைப் பிடித்துக்கொண்டாள் குருவம்மாள்.

"பொட்டலத்திலயா கொடுத்தீங்க? ஐயோ என் மதினி! இலையை ஆட்டுக்குப் போட்டுட்டுப் போயிருவாங்க, அதோட முடிஞ்சுது. பாத்திரத்துல கொடுத்திருந்தா? நம்ம ஊர்ல யாராச்சும் வாங்கின பாத்திரத்தை வெறுமையாத் திருப்புவாங்களா? ஒரு கை கம்பு, அதுவும் இல்லேன்னா ஒரு கல்லு உப்பாச்சும் போட்டுத்தானே தருவாங்க!"

வடிவாச்சி நெற்றியில் அடித்துக்கொண்டாள். ஊருக்கே தெரிந்த வழக்கம் இவளுக்கு மறந்துபோயிற்று, பாருங்கள். துக்கத்தில் புத்தி எங்கே ஓடும்?

மூலையில் படுத்திருந்த சடையன் கனைத்தது. "பாத்திரம்னா பாத்திரம் ஆகாது, தாயி. காட்டு எல்லையில வனப்பேச்சி பனைன்னு ஒண்ணு நிக்குது. அதோட குருத்தோலையில பின்னின கொட்டான் இருக்கே, அந்த ஓலைப்பெட்டி, அது வாங்கின கையை விடாது. வாங்கினவங்க தன்னோடதுல ஒரு பிடி உள்ள வெச்சாத்தான் விடும்."

"இதை ஏன் முதல்லயே சொல்லலே?"

"நீ கேக்கலியே!"

மறுநாள் காலையிலேயே போய், பனையைக் கும்பிட்டு, வேண்டிய அளவு மட்டும் குருத்து இறக்கினார்கள். வேலை களைகட்டியது. கரடி நகத்தால் ஓலையைக் கிழித்துக் கொடுத்தது. யானைக்குட்டி தண்ணீர் தெளித்து ஓலையைப் பதமாக்குகிறேன் பேர்வழி என்று குருவம்மாளைத் தலையோடு குளிப்பாட்டியது. இருவாட்சி சாயத்துக்குச் செம்பழம் பொறுக்கி வந்தது. கையகலக் கொட்டான், முழங்கை அகலக் கொட்டான் என்று வடிவாச்சி பின்னிப் பின்னி அடுக்கினாள். பொடி ஒன்றில், விசிறி ஒன்றில், தலையணை ஒன்றில் வைத்து ஊருக்குள் போனார்கள்.

பொழுது சாய்வதற்குள் கொட்டான்கள் திரும்பி வர ஆரம்பித்தன. ஒன்றில் கம்பு. ஒன்றில் கேழ்வரகு. ஒன்றில் கடலைப் புண்ணாக்கு. சட்டி பானை வனையும் பொன்னாயி வீட்டில் குந்துமணி அரிசி இல்லை. அவள் வீட்டு முருங்கையிலிருந்து ஒரு கை கீரை உருவிப் போட்டு, "எங்க கையில இவ்வளவுதான் தாயி, கோவிச்சுக்காதே" என்றாள். வடிவாச்சி அந்தக் கீரையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் யானைக்குட்டிக்குப் போட்டாள்.

ஊரில் ஆபத்சகாயம் என்று ஒரு பெரிய மனிதர். பெயரில்தான் சகாயம். அவர் விசிறியை வாங்கிக்கொண்டு, அடுத்தவன் வயலில் காயாமல் தப்பி நின்ற சோளக்கதிரை ஒடித்துக் கொட்டானில் வைத்தார். "இந்தா" என்று நீட்டினார். கொட்டான் வரவில்லை! உதறினார், வரவில்லை. பொண்டாட்டி பிடித்து இழுத்தாள், வரவில்லை. கொட்டானோடு சாப்பிட்டார், கொட்டானோடு குளித்தார், கொட்டானாலேயே முதுகு சொறிந்தார். தெருப்பிள்ளைகள் பின்னாலேயே சிரித்துக்கொண்டு ஓடின. கடைசியில் தன் குதிரிலிருந்து ஒரு மரக்கால் வரகை அள்ளி வைத்தார். கொட்டான் பொத்தென்று கையை விட்டது. அவருக்கும் எப்படியோ மனசு லேசாகிப்போய், இன்னொரு மரக்காலும் போட்டார். அதையும் சொல்ல வேண்டும் அல்லவா?

அன்றிலிருந்து எந்தப் பிராணியும் பசித்துப் படுக்கவில்லை. விடியலில் வருகிற கருங்கோடன் பல்லைக் கடித்துக்கொண்டு வெறுங்கையோடு போனான். இப்படியே ஒன்பது நாள் போயிற்று.

பத்தாம் நாள் ஊரே பக்கத்து ஊர்த் திருவிழாவுக்குப் போய்விட்டது. நாலே நாலு கொட்டான்தான் திரும்பி வந்தது. வடிவாச்சி பிடிபிடியாகப் பங்கிட்டாள். யானைக்குட்டி தன் பங்கைத் தின்றுவிட்டு, பானைக்குள் தும்பிக்கையை விட்டுத் துழாவிக்கொண்டே நின்றது.

"என் பங்கையும் அதுக்கே போடு தாயி" என்றது சடையன். "நான் மத்தியானமே ஒரு புத்தைக் கிளறிக் கரையான் தின்னுட்டேன். வயிறு திம்முன்னு இருக்கு."

வடிவாச்சி நம்பினாள். கரடி பொய் சொல்லும் என்று யாருக்குத் தெரியும்?

விடிந்தது. வடிவாச்சி எழுந்து வந்து பார்த்தாள். புங்கமரத்தடியில் சடையன் உட்கார்ந்திருந்தது. ஒரு கையை வயிற்றில் வைத்தபடி உட்கார்ந்திருந்தது. பசித்துப் படுத்தது, கல்லாய் விடிந்தது.

"அட பாவி! அட என் ராசா! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் சோத்தைத் தந்திருப்பேனே!" என்று கல்லைக் கட்டிக்கொண்டு கதறினாள். குருவம்மாளுக்கு அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேச வார்த்தை வரவில்லை.

கருங்கோடன் வந்தான். மந்திரக்கோலை ஓங்கினான். ஓங்கியவன், நெற்றியைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினான். வடிவாச்சி அப்போதுதான் அவன் முகத்தைப் பக்கத்தில் பார்த்தாள். கண் இரண்டும் மிளகாய்ப் பழமாய்ச் சிவந்திருந்தது. அடிக்கக் கட்டை தேடியவளின் வாயிலிருந்து அவளையும் மீறி ஒரு கேள்வி வந்துவிட்டது.

"தலைவலியா?"

கருங்கோடன் திடுக்கிட்டான். அவனைப் பார்த்து யாரும் இப்படிக் கேட்டதில்லை. "பன்னிரண்டு வருஷமா" என்றான். "மந்திரம் படிச்ச நாள்லேர்ந்து தலைக்குள்ள வண்டு குடையுது. ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை."

வடிவாச்சி பல்லைக் கடித்தாள். ஆனாலும் வைத்தியம் தெரிந்த கை சும்மா இருக்குமா? உள்ளே போய், இருப்பதிலேயே பெரிய கொட்டானில் புதிதாகத் தைத்த நொச்சித் தலையணையை வைத்துக் கொண்டுவந்தாள். "வாங்கின கொட்டான் வெறுமையாத் திரும்பக் கூடாது. அது எங்க ஊர் வழக்கம். சம்மதம்னா வாங்கிக்கோ."

"பிச்சைக்காரி, உனக்குத் தங்கமே தருவேன்!" என்று பிடுங்கிக்கொண்டான். கொட்டானை ஒரு கையில் பிடித்தபடி, கல் கரடியின் பக்கத்திலேயே தலையணையைப் போட்டுச் சாய்ந்தான். நொச்சி வாசனை ஏறியது. கொர்ரென்று ஒரு குறட்டை! இறக்கை ஆறி மரத்தில் உட்கார்ந்திருந்த இருவாட்சி பயந்து பறந்தே போயிற்று.

சாயங்காலம் கண் விழித்தான். எழுந்து உட்கார்ந்தான். மரத்தைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். "தூங்கினேன்" என்றான், தனக்கே சொல்லிக்கொள்வதுபோல். பிறகு மோதிரத்தைக் கழற்றிக் கொட்டானில் போட்டு நீட்டினான். கொட்டான் கையை விடவில்லை. அது ஒரு ராஜாவிடம் பறித்த மோதிரம். தோளில் கிடந்த பட்டுத் துணியை வைத்தான். விடவில்லை. அது ஒரு வணிகனிடம் பறித்த பட்டு. மந்திரக்கோலையே வைத்தான். விடவில்லை. அது அவன் குருவிடம் திருடியது.

"திருடினதை இது ஏத்துக்காது" என்றாள் வடிவாச்சி. "உன்னோடதுன்னு ஏதாச்சும் இருந்தா வை."

கருங்கோடன் யோசித்தான், யோசித்தான், யோசித்தான். கோட்டை பறித்தது. சிலைகள் பறித்தவை. சாப்பிடுகிற தட்டுகூடப் பறித்தது. அவனே பட்டினி கிடந்து, தவம் கிடந்து சம்பாதித்தது ஒன்றே ஒன்றுதான்.

"மந்திரம்தான் என்னோடது" என்றான். குரல் இறங்கிப் போயிருந்தது. "அதைக் கொடுத்தா நான் ஒண்ணுமில்லாதவன்."

"அது தலைக்குள்ள இருக்கிற மட்டும் நொச்சி இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான் கேக்கும். நாளைக்கு மறுபடியும் வண்டு குடையும். இதை நான் உன்னை ஏமாத்தச் சொல்லலே."

கருங்கோடன் தலையணையைப் பார்த்தான். பன்னிரண்டு வருஷத்தில் அவனுக்கு ஒருவர் கொடுத்த ஒரே பொருள் அது. கொட்டானை வாயருகே கொண்டுபோய், மந்திரத்தைத் தலைகீழாகச் சொன்னான். அவன் வாயிலிருந்து கருவண்டுகள் ரீங்காரமிட்டுக்கொண்டு கொட்டானுக்குள் இறங்கின. ஒன்று, பத்து, ஆயிரம்! கடைசி வண்டு இறங்கியதும் கொட்டான் தானாக மூடிக்கொண்டு, அவன் கையை விட்டு, வடிவாச்சி கைக்கு வந்தது.

அவள் மூடியைத் திறந்தாள். வண்டுகள் எழும்பின. ஒரு வண்டு போய்க் கல் கரடியின் மூக்கில் உட்கார்ந்தது.

"அச்சூ!"

சடையன் தும்மிய தும்மலில் புங்கம்பூ பொலபொலவென்று உதிர்ந்தது. "என்ன எல்லாரும் என்னையே பாக்குறீங்க? சோறு ஆச்சா?" என்றது. வடிவாச்சி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அழுதுகொண்டே முதுகில் நாலு போட்டாள். "இனிமே பொய் சொல்லுவியா? சொல்லுவியா?" மற்ற வண்டுகள் மலைக்குப் பறந்தன. சற்று நேரத்தில் மலைச்சரிவில் மயில் அகவியது. மான் துள்ளி வந்தது. முள்ளம்பன்றி மூச்சு வாங்கிக்கொண்டு கடைசியாக வந்து சேர்ந்தது. குருவம்மாளுக்கும் பேச்சு வந்துவிட்டது. வந்த பேச்சு அப்புறம் நிற்கவே இல்லை.

இந்தச் சந்தோஷத்துக்கு நடுவே கருங்கோடன் மெல்ல எழுந்தான். மந்திரம் இல்லை. கோட்டைக்குப் போக வழியும் மறந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டு வேலியைத் தாண்டப் போனான்.

"யோவ், நில்லு!" என்றது சடையன். தான் ஒளித்து வைத்திருந்த தேனடையை ஒரு கொட்டானில் வைத்து, நொண்டி நொண்டிப் போய் அவன் கையில் திணித்தது.

கருங்கோடன் தேனடையையும் கரடியையும் மாறி மாறிப் பார்த்தான். "உன்னைக் கல்லாக்கினவன் நான். எனக்கா?"

"உனக்குத்தான். சும்மா ஒண்ணும் இல்லை. கொட்டானைத் திருப்பிக் கொண்டுவரணும், தெரியுமில்ல? வெறுமையா வராதே."

அன்று அந்தியில் மழை பிடித்துக்கொண்டது. விடிய விடியப் பெய்தது. மறுநாள் காலையில் நனைந்த தலையோடு ஒருவன் வேலியோரம் வந்து நின்றான். அவன் கையில் கரடியின் கொட்டான். கொட்டான் நிறைய, தன் கையாலேயே பறித்த நொச்சித் தழை.

"வா, உள்ள வா" என்றாள் வடிவாச்சி. "தலையணை தைக்க இன்னிக்கு ஆள் பத்தலே."

அதற்குப் பிறகு ஏழுமடையில் ஒரு பிராணியும் பசித்துப் படுக்கவில்லை, ஒரு கொட்டானும் வெறுமையாய்த் திரும்பவில்லை. கதை என்னும் கொட்டானை நானும் உங்கள் கையில் கொடுத்துவிட்டேன். அது உங்கள் கையை விட வேண்டுமா? உங்கள் வாசலுக்கு வருகிற குருவிக்கு, உங்களுடையதில் ஒரு பிடி போட்டுவிட்டுப் போங்கள்.