சந்தியாகு ஏட்டையாவின் வலப்பக்கம்

“பெருசு நல்லதாம்மா, சின்னது நல்லதா?”

ஆயுதக் கிடங்கின் கம்பிச் சன்னலுக்கு வெளியே நின்று சந்தியாகு கேட்டார். உள்ளே குணசுந்தரி ஒரு சுருள்கம்பிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“எது ஏட்டையா?”

“கைத்துப்பாக்கிதான்.”

“யாருக்கு?”

“எனக்கு.”

“எதுக்கு?”

சந்தியாகு தயங்கினார். “மகள் கல்யாணத்துக்கு.”

அப்போதுதான் குணசுந்தரி நிமிர்ந்து பார்த்தார்.

ஞானக் கதை என்றால் குருவுக்கு நரைத்த தாடி இருக்கவேண்டும் என்று எவன் சட்டம் போட்டானோ தெரியவில்லை. இந்தக் கதையின் குருவுக்கு முப்பத்தாறு வயது. காக்கிச் சட்டை, ஒற்றைக்கல் மூக்குத்தி, நகக்கண்ணில் எத்தனை சோப்பு போட்டாலும் போகாத எண்ணெய்க் கறுப்பு. ஆயுதப்படையின் துப்பாக்கிகளைக் கழற்றி மாட்டிப் பழுது பார்க்கும் சப்-இன்ஸ்பெக்டர். சீடருக்கு ஐம்பத்து நான்கு வயது, தலைமைக் காவலர் வேலை. நரையெல்லாம் அவர் பக்கம்தான்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், ஒரு கொலை வழக்கில் சாட்சி சொல்ல வந்தவருக்குச் சந்தியாகு காவல் இருந்தார். வெட்ட வந்தவனைக் காலில் சுட்டார். சாட்சியும் பிழைத்தார், வெட்ட வந்தவனும் பிழைத்தான். ஆனால் அவனுக்கு அண்ணன் தம்பிகள் மூன்று பேர். அவர்கள் சந்தியாகுவின் வீட்டுக் கதவில் கரியால் ஒரு மிரட்டல் வரி எழுதிவிட்டுப் போனார்கள்.

காக்கியைக் கழற்றினாலும் துப்பாக்கியைக் கழற்றக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு வந்தது. அன்று முதல் அது அவருடைய வலது இடுப்பில் இருக்கிறது. பெரிய துப்பாக்கி. நீளக் குழல், கனத்த உடம்பு, கை நிறையப் பிடி. ஒருநாளும் மக்கர் பண்ணியதில்லை.

அப்போது மகள் அமலோற்பவத்துக்கு, வீட்டில் கூப்பிடும் அமலிக்கு, ஆறு வயது. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். துப்பாக்கிப் பிடி புருவத்தில் இடித்தது. மூன்று தையல்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சந்தியாகு அதிகம் சொன்ன வார்த்தை இதுதான்: “இடப்பக்கம் வாம்மா.”

அமலி இடப்பக்கம் வந்தே வளர்ந்தாள். படித்தாள், டீச்சரானாள், இப்போது கல்யாணமும் நிச்சயமாகிவிட்டது.

“கல்யாணத்துக்கும் துப்பாக்கிக்கும் என்ன?” என்று கேட்டார் குணசுந்தரி.

“எங்க மாதா கோயில்ல ஒரு வழக்கம் இருக்கும்மா. பொண்ணு அப்பாவோட வலக்கையைப் பிடிச்சுத்தான் வாசல்லருந்து பீடம்வரைக்கும் நடந்து வரணும்.”

“வலக்கைதானா?”

“வலக்கைதான். ஏன்னு சாமியாருக்கே தெரியல.”

“துப்பாக்கியை இடப்பக்கம் மாத்திக் கட்டுங்க.”

“அவசரத்துல இந்தக் கை பழைய இடத்துக்குத்தாம்மா போகும். போயி வெறும் இடுப்பைத் தடவிக்கிட்டு நிக்கும். அவனுக மூணு பேரும் இன்னும் ஊருக்குள்ளதான் திரியுறானுக.”

குணசுந்தரி சுருள்கம்பியைத் துணியில் துடைத்து வைத்தார்.

“உங்களுக்கு என்ன வேணும்? அதைச் சொல்லுங்க.”

“சின்னதா இருக்கணும், கோட்டுக்குள்ள தெரியக்கூடாது. ஆனா பெருசு மாதிரி நம்பிக்கையா இருக்கணும்.” சந்தியாகு வலது இடுப்பைத் தொட்டுக் காட்டினார். “பத்தொன்பது வருசமா எம்புள்ள ஒரு தடவைகூட இந்தப் பக்கம் நின்னதில்லம்மா. ஒரே ஒரு தடவை நிக்கணும். எனக்கு வேற ஆசையே இல்ல.”

குணசுந்தரி சன்னல் பலகையைத் தட்டினார். “பெருசை வைங்க.”

துப்பாக்கியை ஒப்படைக்க அங்கே ஒரு முறை உண்டு. முதலில் குண்டுகள் அடுக்கிய மேகசினை உருவவேண்டும். மேல்பாகத்தை இழுத்துப் பிடித்து, குண்டு உட்காரும் அறைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்க்கவேண்டும். பிறகு சத்தமாக, “காலி” என்று சொல்லவேண்டும். அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் எதிரே இருப்பவர் கிட்டே வருவார். சொல்லாமல் வைத்தால், வைத்தவர் கமிஷனரே ஆனாலும் குணசுந்தரி தொடமாட்டார்.

சந்தியாகு உருவினார், இழுத்தார், விரலை விட்டுப் பார்த்தார்.

“காலி.”

குணசுந்தரி அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, சின்னது ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். சந்தியாகுவின் கைக்குள் அது காணாமலே போய்விட்டது.

“சுண்டுவிரல் எங்க இருக்கு?”

“பிடியில இடமில்லம்மா. தொங்குது.”

“வாங்க, சுட்டுப் பார்ப்போம்.”

மைதானத்தின் கடைசியில், மண்மேட்டுக்கு எதிரே நின்று சந்தியாகு பத்துக் குண்டு சுட்டார். இரண்டு முறை அடைத்துக்கொண்டது. சந்தியாகுவுக்கு முகம் தொங்கிவிட்டது.

“துப்பாக்கி சரியில்லையாம்மா?”

குணசுந்தரி அதை வாங்கிப் பத்துக் குண்டு சுட்டார். பத்தும் போனது.

“மணிக்கட்டு தளர்ந்தா சின்னது மன்னிக்காது ஏட்டையா. பெருசு மன்னிக்கும்.”

“அப்ப நான் எதை எடுக்கட்டும்?”

“ஓலை எத்தனை முடிஞ்சிருக்கு?”

கல்யாணத்துக்கு முந்தைய மூன்று ஞாயிறும் பூசையில் மணமக்கள் பெயரைச் சொல்லி, இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் உண்டா என்று கேட்பார்கள். அதைத்தான் ஓலை வாசிப்பது என்பார்கள்.

“நேத்துதான் முதல் ஓலை.”

“தினமும் வந்து இதுல சுட்டுப் பழகுங்க. இதையே கட்டிக்கிட்டுத் திரியுங்க. ரெண்டாம் ஓலை முடிஞ்சதும் வந்து சொல்லுங்க.”

அவ்வளவுதான். வேறு விளக்கம் கிடையாது. குருமார்களின் இந்தக் குணம் மட்டும் எந்தக் காலத்திலும் மாறுவதில்லை.

•

இரண்டாம் ஓலைக்கு மறுநாள் காலையில் சந்தியாகு வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

“அடைக்குதா?” என்று கேட்டார் குணசுந்தரி.

“இல்ல. பிடி பழகிருச்சு. நாலு நாளா ஒரு குண்டுகூட மாட்டல.”

“வெளிய தெரியுதா?”

“தெரியல. சலூன்ல, டீக்கடையில, பஸ்ல, ஒரு பயலுக்கும் தெரியல. எனக்கே சில நேரம் இருக்கான்னு சந்தேகம் வந்து தொட்டுப் பார்த்துக்கிட்டேன்.”

“அப்புறம் என்ன?”

சந்தியாகு சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“நேத்துப் பூசை முடிஞ்சு வெளிய வந்தோம். ஓலையில அவ பேரை வாசிச்ச சந்தோசம். சிரிச்சுக்கிட்டே வந்தா. வந்தவ, அவளா வலப்பக்கம் வந்தாம்மா. பத்தொன்பது வருசத்துல முதல் தடவை.”

“சரி.”

“நான் ‘இடப்பக்கம் வாம்மா’ன்னு சொல்லிட்டேன்.”

குணசுந்தரி கையிலிருந்த எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தார்.

“வாய் தானா சொல்லிருச்சு. அவளும் ஒண்ணும் சொல்லாம பின்னால சுத்தி இடப்பக்கம் வந்துட்டா. கோவிச்சிருந்தாக்கூடப் பரவாயில்ல. கோவிக்கவே இல்லம்மா.”

அவர் கண் கலங்கியது. மைதானத்தில் கவாத்து நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

“இந்தச் சின்னது எனக்கு ஒத்துக்கல. பெருசையே கொடுங்க. அது இருந்தாலாவது, இடிக்கும்னு சொல்ல ஒரு காரணம் இருக்கும்.”

“அந்தக் காரணம் வேணுமா உங்களுக்கு?”

சந்தியாகு சின்னதை எடுத்து உருவி, இழுத்து, விரலை விட்டுப் பார்த்து, “காலி” என்றார்.

குணசுந்தரி பெரியதை எடுத்துக் கொடுத்தார்.

•

மூன்றாம் ஓலைக்கு மறுநாள் அவர் வரும்போதே இடுப்பிலிருந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டு வந்தார்.

“நேத்துக் கோயில்ல ஒத்திகைம்மா. அமலி என் கையைப் பிடிக்க வந்தா. இது அவ விலாவுல குத்துச்சு. அவ சிரிச்சுக்கிட்டே கையை எடுத்துட்டா. ‘பரவாயில்லப்பா, பக்கத்துல சும்மா நடந்து வாங்க, போதும்’ங்கிறா.”

துப்பாக்கியைப் பலகையில் வைத்தார். மேகசினை உருவினார், மேல்பாகத்தை இழுத்தார், விரலை விட்டுப் பார்த்தார்.

“காலி. புதன்கிழமை கல்யாணம். சின்னதும் ஆகல, பெருசும் ஆகல. நடுத்தரமா ஏதாவது இருந்தா கொடுங்கம்மா. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

குணசுந்தரி அதை வாங்கி உள்ளே வைத்தார். பிறகு நடுத்தரமாக எதையும் எடுத்துவரவில்லை. கதவைப் பூட்டிவிட்டு வெளியே வந்தார்.

“கொடிமரம்வரைக்கும் நடந்து போயிட்டு வாங்க.”

“எதுக்கும்மா?”

“நடங்க ஏட்டையா.”

சந்தியாகு நடந்தார். பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு இடுப்பில் ஒன்றும் இல்லை. மைதானம் நிறையப் போலீஸ், ஒரு பயமும் இல்லை. ஆனாலும் அவருடைய வலக்கை உடம்போடு ஒட்டவில்லை. நடுவில் யாரோ நிற்பதுபோல ஒரு சாண் தள்ளியே ஆடியது.

கொடிமரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பினார். பாதி வழியில் குணசுந்தரி எதிரே வந்தார். வந்தவர் சுற்றிக்கொண்டு அவருடைய வலது கைப்பக்கமாகக் கூட நடக்கத் தொடங்கினார்.

“இடப்பக்கம் வாங்கம்மா” என்றார் சந்தியாகு.

குணசுந்தரி நின்றுவிட்டார்.

சந்தியாகுவும் நின்றார். தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தது. மெதுவாகக் குனிந்து தன் வலக்கையைப் பார்த்தார். அது இன்னும் தள்ளித்தான் நின்றது.

குணசுந்தரி அந்த இடைவெளியை உற்றுப் பார்த்தார்.

“இப்ப சொல்லுங்க ஏட்டையா. இது பெருசா, சின்னதா?”

வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

“அவனுக வந்தா?” என்று கேட்டார் சந்தியாகு.

“புதன்கிழமை நீங்க லீவு. நான் டியூட்டி. ஆர்டர் போன வாரமே வாங்கிட்டேன்.”

“போன வாரமேவா?” சந்தியாகு அவரை ஏற இறங்கப் பார்த்தார். “கல்யாணத்துக்குச் சேலையிலதானே வருவீங்க? எதைக் கட்டிக்கிட்டு வருவீங்க, பெருசா, சின்னதா?”

“அதை எதுக்கு உங்ககிட்ட சொல்லணும்?” என்றார் குணசுந்தரி.

•

புதன்கிழமை காலை, கோயில் வாசலில் கூட்டம் வழிவிட்டு நின்றது. உள்ளே பாடல் தொடங்கிவிட்டது. மாப்பிள்ளை பீடத்துக்கு எதிரே நின்று கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார். பெண்கள் வரிசையின் ஓரத்தில் பச்சைச் சேலை கட்டிய ஒருவர், மணப்பெண்ணைப் பார்க்காமல் மற்ற எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அமலி காரிலிருந்து இறங்கினாள். வெள்ளைச் சேலை, தலையில் முக்காட்டுத் துணி, புருவத்தில் அந்தப் பழைய தழும்பு. அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு யாரும் சொல்லாமலேயே, எப்போதும் போல, அவருக்கு இடப்பக்கம் போய் நின்றாள்.

வாசலில் நின்ற பெரியவர் ஒருவர், “வலப்பக்கம், வலப்பக்கம்” என்று பதறினார்.

“இருக்கட்டும் மாமா” என்றாள் அமலி. “அப்பாவுக்கு இந்தப் பக்கம்தான் வசதி.”

சந்தியாகு வாயைத் திறந்தார். வலப்பக்கம் வாம்மா என்று சொல்லவேண்டும். இரவல் வாங்கியா சொல்லவேண்டும், இரண்டே வார்த்தை. பத்தொன்பது வருடமாகச் சொல்லாத வார்த்தை, நாக்கு புரளவில்லை. உள்ளே பாடலின் முதல் அடி முடிந்து இரண்டாம் அடிக்குப் போய்விட்டார்கள்.

அவர் கோட்டின் வலது ஓரத்தைப் பிடித்து விலக்கினார். வெள்ளைச் சட்டை, கறுப்பு பெல்ட். அங்கே வேறொன்றும் இல்லை. கிடங்குச் சன்னலில் நிற்பதுபோல நிமிர்ந்து நின்றார்.

“காலி” என்றார்.

கோயில் வாசலில் நிற்பவர்களுக்கு அது என்ன வார்த்தை என்று புரியவில்லை. பெரியவர் முகத்தைச் சுளித்தார்.

அமலி அந்த வெறும் இடுப்பைப் பார்த்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். சேலைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவருக்கு முன்னால் சுற்றி நடந்து வலப்பக்கம் வந்தாள்.