இந்தக் கிளை முறியாது

காட்டு ஏரியின் கரையில் ஒரு கருவேலமரம். அதில் தூக்கணாங்குருவிகள் குடியிருந்தன. தண்ணீருக்கு மேல் நீண்டிருந்த கிளைமேல்தான் எல்லாருக்கும் ஆசை. அங்கே பாம்பு எட்டாது.

அதே மரத்தில் முறிந்துபோன பழைய கிளை ஒன்றின் அடிக்கட்டையும் இருந்தது. பாட்டன் காலத்தில் அந்தக் கிளையில் கணக்கில்லாமல் கூடு கட்டினார்கள். மழையில் கூடுகள் நனைந்து கனத்தன. கிளை முறிந்து, குஞ்சுகள் தண்ணீரோடு போயின. அன்று அழுதவர்கள் ஒரு விதி வைத்தார்கள். ஒரு கிளையில் இருபது கூட்டுக்கு மேல் கூடாது. ஆண்டுதோறும் அந்த நாளில் அடிக்கட்டையின் முன் கூடி மௌனம் காக்க வேண்டும்.

மௌனம் காப்பதில் குருவிகள் ஒரு குறையும் வைக்கவில்லை.

விதிக்குக் காவல் கொக்கார். ஒற்றைக் காலில் நிற்பதால் அவர் ஆழ்ந்து யோசிக்கிறார் என்று காடே நம்பியது.

ஆண் குருவி பாதிக் கூடு கட்டி நிறுத்தும். பெண் குருவி வந்து பார்த்துத் தலையாட்டினால்தான் மீதியைக் கட்டும். பிடிக்காத கூட்டைப் பிய்த்துப் போட்டுவிடுவது வழக்கம். அந்த ஆண்டு, பிய்க்க இருந்த ஒரு கூட்டை மைனா ஒன்று ஒரு வாய்த் தினைக்கு வாங்கியது. மறுநாளே அதை அணிலிடம் இரண்டு வாய்த் தினைக்கு விற்றது. அவ்வளவுதான், காட்டுக்கே பித்துப் பிடித்தது. கூட்டை முழுதாகக் கட்டுகிறவனைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்கள். வாத்துகூட இரண்டு கூடு வாங்கியது. மரமேறிப் பார்க்க அதனால் முடியாது. பார்த்து என்ன ஆகப் போகிறது? விலை ஏறினால் போதாதா!

தினை இல்லாதவர்களுக்குக் கரையில் வளை வைத்திருந்த பெருச்சாளியார் கடன் கொடுத்தார். மழைக்காலத்துக்கென்று மற்றவர்கள் அவரிடம் சேர்த்து வைத்திருந்த தினைதான் அது. அடமானம்? வாங்கப் போகும் பாதிக் கூடே அடமானம். அப்படி ஒரு தாராள மனசு.

சிட்டம்மை என்ற பெண் குருவியின் தினையும் அந்த வளையில்தான் இருந்தது. அவளுடைய கூடும் தண்ணீருக்கு மேல் நீண்ட அந்தக் கிளையில்தான். உள்ளே மூன்று முட்டைகள்.

நினைவு நாள் வந்தது. காய்ந்த கூட்டுக்கு எடையே இல்லை, நனைந்தால்தான் அதன் கனம் தெரியும் என்று கொக்கார் கண்கலங்கப் பேசினார். பல பறவைகள் விம்மின. பிறகு பெருச்சாளியார் செலவில் விருந்து. மீனை விழுங்கியபடியே, இருபது கூடு என்ற வரம்பை நீக்கிவிட்டதாகக் கொக்கார் அறிவித்தார்.

முட்டையைத் தூக்கிக்கொண்டு வேறு கிளைக்குப் போக முடியுமா? சிட்டம்மை கொக்காரிடம் ஓடினாள்.

"ஐயா, நனைஞ்சா கனக்கும்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"அது நினைவு நாள் பேச்சும்மா. நிர்வாகம் வேற. அந்தக் காலத்துல முரட்டு நாரு, மோசமான பின்னலு. இப்ப அப்படியா? இந்தக் கிளை முறியாது."

சில நாளிலேயே அந்தக் கிளை முழுதும் விற்பனைக்கான பாதிக் கூடுகள் நெருக்கியடித்துத் தொங்கின. அடுத்த வாரமே வானம் கருத்தது. மைனா தன் கூடுகளை விற்கப் பார்த்தது. அணிலும் விற்கப் பார்த்தது. எல்லாரும் விற்க வந்த அன்று வாங்க ஓர் ஆள் இல்லை. மழை கொட்டியது. பாதிக் கூடுகள் தண்ணீரைக் குடித்துக் கனத்தன. கிளை முனகியதும் மற்றவர்கள் பறந்தார்கள். சிட்டம்மை மட்டும் முட்டைகளை விட்டு எழுந்திருக்கவில்லை. கிளை ஏரியில் விழுந்து, கூட்டுக்குள் தண்ணீர் ஏறிய பிறகுதான் வெளியே வந்தாள். முட்டைகள் உள்ளேயே போயின.

நனைந்த பறவைகள் தங்கள் தினையைக் கேட்டு வளைக்குப் பறந்தன. வாசல் அடைத்திருந்தது. "தினை ஏது? அடமானமெல்லாம் ஏரிக்குள்ள கெடக்கு, முங்கி எடுத்துக்குங்க" என்று பெருச்சாளியார் உள்ளிருந்தே சொன்னார்.

கொக்கார் அவசரக் கூட்டம் போட்டார். நடந்தது எவரும் எதிர்பாராத இயற்கைச் சீற்றம் என்றார். பெருச்சாளியாரின் வளை இடிந்தால் கரையே இடிந்துவிடுமாம். ஆகவே ஒவ்வொரு பறவையும் தினம் ஒரு வாய்த் தினை அவருக்குக் கொடுத்து அவரைக் காப்பாற்ற வேண்டுமாம். மைனா சிறகு தட்டி வரவேற்றது.

"என் முட்டை மூணும் போச்சு. தினையும் போச்சு. இப்ப அவருக்கு நான் குடுக்கணுமா?" என்றாள் சிட்டம்மை.

"நீ சின்னவ. நீ விழுந்தா சத்தம் கேக்காது" என்றார் கொக்கார். "அவர் விழுந்தா எங்க தூக்கம் கெட்டுப்போகும்."

கொடுக்காதவர்களைப் பிடிக்க வளை வாசலில் ஒரு கீரி காவல் நின்றது. சிட்டம்மை சேற்றில் தினை பொறுக்கி, ஒவ்வொரு நாளும் பெருச்சாளியாரின் வாசலில் போட்டாள். போட்டுவிட்டுப் பசியோடு மறுகரைக்குப் பறப்பாள். அங்கே ஓர் ஈச்சமரத்தில், முழுதாகக் கட்டி முடித்த ஒரே கூட்டில் இப்போது இருந்தாள்.

ஒரு நாள் மைனா அங்கே வந்து இறங்கியது. பெருச்சாளியார் மறுபடி கடன் கொடுக்கத் தொடங்கியிருந்தார். யார் தினை என்று சொல்லவா வேண்டும்? "இந்த மரத்துல பாதிக் கூடு என்ன விலை அக்கா?" என்று மைனா கேட்டது.

சிட்டம்மை அதைக் கொத்தித் துரத்தினாள். மைனா நேரே அடுத்த மரத்துக்குப் போயிற்று.

வீழ்ச்சியின் பாடத்தை நினைவு நாளில் ஒப்பித்துவிட்டு விலை ஏறும் நாளில் மறப்பவர்கள் செய்யும் தவற்றுக்கு, கடைசியில் எளியவர்களே விலை கொடுக்க நேரும்.